விற்கும்போதும் விலை போகிற மரவேலை மெஷின்களை வாங்குவது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தடுத்துத்தான் என் மரவேலை நடக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் மரம். ஏழு வருடத்தில் பதினோரு மெஷின் வாங்கியிருக்கிறேன். அதில் ஆறை விற்றுவிட்டேன். ஐந்துக்குப் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் திரும்ப வந்தது. ஒன்று மட்டும் பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போனது.

அது பெயர் கேள்விப்படாத பிராண்டில் ஒரு ரூட்டர், அதாவது மரத்தில் காடியும் விளிம்பும் வெட்டும் மெஷின். 2,900 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினேன். எட்டாவது மாதம் பிட்டை (வெட்டும் முனையை) பிடிக்கும் காலட் நட்டின் மரை தேய்ந்துவிட்டது. வாங்கிய கடையில் ஸ்பேர் கிடையாது என்றார்கள். வேறு மெஷினின் நட்டு ஏறவில்லை, மரை அளவு வேறு. மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுற்றும் காயில்) குறையில்லை, ஆனால் பிட் மாட்ட முடியாது. யாரிடம் விற்பது?

அதே சமயத்தில் ராயக்கோட்டையில் ஒரு ஆசாரியிடம் மகிட்டா 1900பி ப்ளேனர் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். உடம்பெல்லாம் கீறல், பல வருடம் உழைத்த மெஷின். மூன்று வருடம் அதில் தேக்கும் மாமரமும் இழைத்துவிட்டு 4,000 ரூபாய்க்கு விற்றேன். பிளேடு, கார்பன் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தித் தேயும் துண்டு) செலவைத் தள்ளிவிட்டால் மூன்று வருடத்துக்கு 500 ரூபாய். புதிய ரூட்டர் எட்டு மாதத்தில் 2,900 ரூபாயை முழுதாக விழுங்கியது. இப்போது எந்த மெஷினைப் பார்த்தாலும் நான் போடும் கணக்கு இதுதான்: இன்றைய விலையில், பின்னால் விற்றால் வருவதைக் கழித்தால் எவ்வளவு?

படி 1: என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூல், ஷெல்ஃப், சின்ன மேசை என்று ஆரம்பிப்பவருக்கு ஒரு டிரில், ஒரு வட்ட ரம்பம், ஒரு டிரிம்மர் (சின்ன ரூட்டர்) போதும். ப்ளேனர் அப்புறம். பத்து வேலையை ஒரே மெஷின் செய்யும் என்று விற்கும் செட் எதையும் வாங்காதீர்கள். அதைத் தேடி வாங்க ஆள் வருவதை நான் பார்த்ததில்லை.

படி 2: மெஷின் கடைக்கு முன்னால் ரிப்பேர் கடைக்குப் போங்கள்

உங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் எதுவானாலும் சரி. அங்கே போய், எந்த மெஷினுக்கு ஆர்மேச்சர், ஃபீல்டு காயில் (ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் நிற்கும் காயில்), கார்பன், சுவிட்ச் உடனே கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் அலமாரியில் தொங்கும் ஸ்பேர்தான் பின்னால் உங்கள் மெஷினின் விலையை நிர்ணயிக்கப்போகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கவருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்பேர் கிடைக்குமா ணா?" என்பதுதான்.

எங்கள் பக்கம் நான் பார்த்தவரை போஷ், மகிட்டா இரண்டுக்கும் அடித்துப்பிடித்து ஆள் வருகிறது. போஷில் நீல நிறம் தொழில்முறை வேலைக்கு, பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு. விற்பதை நினைத்து வாங்கினால் நீலத்தை எடுங்கள். டிவால்ட்டும் நல்ல மெஷின், எனக்குப் பிடிக்கும். ஆனால் கிருஷ்ணகிரியில் அதன் ஸ்பேருக்கு நான் ஒருமுறை பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போக வேண்டியிருந்தது. ஓசூர்க்காரருக்கு அது பக்கம், அரூர்க்காரருக்கு ஒரு நாள் வேலை கெடும்.

படி 3: அளவைப் பாருங்கள், வாட்ஸை அப்புறம் பார்க்கலாம்

நான் வழுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் 600 வாட்ஸா 700 வாட்ஸா என்று பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது, அந்த மெஷினில் மாட்டும் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவா என்பது. ப்ளேனர் என்றால் 82 மி.மீ. பிளேடு. டிரில் என்றால் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்). வட்டச் சாண்டர் என்றால் 125 மி.மீ. ஒட்டும் உப்புத் தாள். ஜிக்ஸா (வளைவாக அறுக்கும் மெஷின்) என்றால் டி வடிவ முனை பிளேடு, ஸ்குரூ போட்டு இறுக்கும் பழைய மாதிரி வேண்டாம். இந்த அளவுகளுக்கு வெளியே போகும் மெஷினை வாங்கினால், வாங்குகிறவரும் நம்மைப் போலவே பிளேடு தேடி அலைய வேண்டும். அதை அவர் விலையில் கழிப்பார்.

டிரிம்மரில்தான் பெரிய சிக்கல். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலட் 6 மி.மீ.யிலும் வரும், கால் அங்குலத்திலும் வரும். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார். கால் அங்குல பிட் 6 மி.மீ. காலட்டில் நுழையாது, அது பரவாயில்லை, அங்கேயே தெரிந்துவிடும். ஆபத்து மறுபக்கம். 6 மி.மீ. பிட் கால் அங்குலக் காலட்டில் சுலபமாக நுழையும், நட்டை இறுக்கினால் பிடித்ததுபோலவும் தெரியும். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். என் தங்கை வீட்டுக்குச் செய்த தேக்குப் பலகையில் 5 மி.மீ. ஆழம் வைத்த காடி, மறுமுனைக்குப் போவதற்குள் 9 மி.மீ. ஆகிவிட்டது. பலகை போனால் வேறு பலகை. பிட் முழுதாகக் கழன்று பறந்திருந்தால்?

ஆகவே வாங்கும்போது காலட்டின் மேல் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால், அதில் ஆட்டமில்லாமல் நுழையும் பிட்டின் தண்டை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். பிட்டை முழுதும் உள்ளே தள்ளி, 2, 3 மி.மீ. வெளியே இழுத்து, அப்புறம் இறுக்குங்கள். பிட் இல்லாமல் நட்டை ஒருபோதும் இறுக்காதீர்கள், காலட் நசுங்கிவிடும். இரண்டு அளவுக் காலட்டும், இரண்டு ஸ்பேனரும், கைட் தகடும் பெட்டியிலேயே இருக்கட்டும். இவை எல்லாம் இருக்கும் டிரிம்மருக்கும், வெறும் மெஷினுக்கும் விற்கும்போது நான் கண்ட வித்தியாசம் ஆயிரம் ரூபாய்.

நான்கு அங்குல மார்பிள் கட்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் மர பிளேடு மாட்டி ப்ளைவுட் அறுப்பது எங்கள் பக்கம் சாதாரணம், செகண்ட் ஹேண்டில் அதைப்போல வேகமாக விற்பனையாகும் மெஷினும் வேறில்லை. ஆனாலும் புதியவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். வட்ட ரம்பத்தில் அறுத்து முடித்ததும் கீழே உள்ள பாதுகாப்பு மூடி தானாக வந்து பிளேடை மூடும், கட்டரில் அப்படி ஒன்று கிடையாது. வேகமும் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போகிறது. விலை போகும் என்பதற்காக விரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

படி 4: பில்

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயரும் மெஷினின் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். கடையை விட்டு வெளியே வருமுன் பெட்டியில் உள்ள எண்ணும் மெஷின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். டூப்ளிகேட் நிறையப் புழங்குகிறது. வாரண்டியை அன்று இரவே பதிவு செய்துவிடுங்கள். தெர்மல் தாளில் வரும் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அதனால் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். பில் இருந்தால் திருட்டு மெஷின் இல்லை என்று வாங்குபவருக்கு ஒரு தைரியம்.

படி 5: பழையதை வாங்கும்போது சோதிப்பது

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடோ பிட்டோ மாட்டும் தண்டைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைப்பதுபோல உணர்ந்தால் பேரிங் போயிருக்கிறது. தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பேரிங் மாற்றிவிடலாம், சின்னச் செலவு, ஆனால் விலையில் பேசுங்கள்.

அடுத்து, மோட்டாரின் இரண்டு பக்கமும் உள்ள கார்பன் மூடியைத் தட்டை ஸ்குரூடிரைவரால் கழற்றுங்கள். இரண்டு கார்பனும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் உள்ளே ஏதோ சரியில்லை.

இப்போது ஓடவிட்டு, காற்று வெளியே வரும் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கார்பன் தொடும் இடத்தில் சின்ன நீலப் பொறி வருவது இயல்பு. செம்புப் பட்டையைச் சுற்றி வளையம்போல நெருப்பு ஓடினால் ஆர்மேச்சரில் கோளாறு, மூடி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். வார்னிஷ் கருகிய வாடை ஒருமுறை வந்துவிட்டால் அந்த மெஷினை விட்டுப் போகாது. "காயில் மாத்தினது, புதுசு மாதிரி" என்று விற்பவரே சொன்னால், எங்கே மாற்றினார், கம்பெனி ஆர்மேச்சரா, கையால் கட்டியதா என்று கேளுங்கள். கையால் கட்டியதற்கு நான் பாதி விலைக்கு மேல் தருவதில்லை.

முடிந்தால் பகலில் போங்கள். சாயங்காலம் கிராமப்பக்கம் வோல்டேஜ் இறங்கியிருக்கும், நல்ல மெஷினும் சோர்ந்து ஓடும். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் அப்படித்தான். 1,400 வாட்ஸ் ரம்பம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஓட்டும்போதும் இதையே கடைப்பிடித்தால் ஆர்மேச்சர் பல வருடம் உழைக்கும்.

படி 6: எப்போது விற்பது

ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் இல்லை, இன்டீரியர் வேலை மந்தம். அப்போதுதான் நான் வாங்குவேன். தை பிறந்ததும் ஓசூர் அபார்ட்மென்ட் பக்கம் வேலை குவியும், புது ஆள் சேர்ப்பார்கள், மெஷின் தேடுவார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரமும் நல்ல நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் பேரம் பேச வேண்டாம், தொழில் சாமானை அன்றைக்கு வீட்டை விட்டு அனுப்பத் தயங்குபவர்கள் நிறையப் பேர்.

விலையை எம்.ஆர்.பி.யை வைத்துப் போடாதீர்கள். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்து அதிலிருந்து இறங்குங்கள். வருகிறவர் எதிரில் ஒரு பலகையை அறுத்துக் காட்டுங்கள். குறை இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னிடம் ஜிக்ஸா வாங்கிய தேன்கனிக்கோட்டைக்காரர், சுவிட்ச் லூசாக இருப்பதை நான் முதலிலேயே சொன்னதால், அடுத்த வருடம் சாண்டருக்கும் என்னைத்தான் தேடி வந்தார்.

பின்சேர்க்கை

இதை எழுதிய வாரத்தில் மூன்று கேள்விகள் வந்தன. பச்சை நிற ஹிட்டாச்சி பழைய மெஷின் கிடைக்கிறது, கம்பெனியே இல்லையாமே என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டார். கம்பெனி இருக்கிறது, 2018இல் பிராண்ட் பெயர்தான் ஹைகோகி என்று மாறியது. ஸ்பேர் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள், மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் மாமா ஒரு ரூட்டர் கொண்டுவரட்டுமா என்கிறார், சரியா? அங்கே 120 வோல்ட். இங்கே நேராகச் சொருகினால் மோட்டார் கருகும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். விற்கவும் முடியாது. அவரிடம் நல்ல ரூட்டர் பிட்டுகள் கேளுங்கள், பெரும்பாலும் கால் அங்குலமும் அரை அங்குலமும்தான் வரும், அதனால் உங்கள் காலட் அளவை முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பேட்டரி பற்றி. 20 வோல்ட் மெஷின் 18 வோல்ட்டைவிடப் பலமானதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டிலும் வரிசையாக ஐந்து லித்தியம் செல்தான். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20. சந்தையில் 21 என்று எழுதி வருவதும் அதே ஐந்து செல்தான், முழு சார்ஜில் உள்ள 4.2 வோல்ட் கணக்கு. ஆனால் பேட்டரி ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயதாகும், வாங்குபவருக்கு இது தெரியும். அதனால் டிரில்லை மட்டும் பேட்டரியில் எடுங்கள், மற்றதெல்லாம் ஒயர் மெஷினாக இருக்கட்டும். பேட்டரியை முழு சார்ஜில் போட்டு வைக்காமல், பாதி சார்ஜில், தகர ஷீட்டின் கீழ் இல்லாமல் வீட்டுக்குள் வையுங்கள். விற்கும்போது மெஷினைத் தனியாகவும் பேட்டரியைத் தனியாகவும் விலை சொல்லுங்கள். அதே பிராண்ட் வைத்திருப்பவர் வெறும் மெஷினை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்.