அல்சூர் அறையில் ஒரு டூ-ஸ்டெப்

முதல் சிங்கிளையே யூ.கே. கராஜில் (பிரிட்டன் நடன இசை வகை) போட நினைப்பவர்கள் பெரும்பாலும் டிரம்ஸை நிரப்பித்தான் கெடுக்கிறார்கள். அதன் ஒரு வகையான டூ-ஸ்டெப்பில் காலை ஆட வைப்பது அடிக்காமல் விட்ட இடம். 1999 டிசம்பரில் பிரிட்டன் பட்டியலில் 2-ஆம் இடத்துக்குப் போய், கிரெய்க் டேவிட்டை ஊரறியச் செய்த ஆர்ட்ஃபுல் டாட்ஜரின் ‘ரீ-ரீவைண்ட்’டை ஹெட்போனில் போட்டு, கிக் (கனத்த டிரம் அடி) எங்கெல்லாம் வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

வேகம் 132 பி.பி.எம். (நிமிடத்துக்கு 132 தட்டு). நான்கு தட்டு கொண்ட ஒரு பாருக்கு (தாளச் சுற்று) 16 கட்டம்; இனி வரும் இடங்கள் இந்தக் கட்ட எண்கள். கிக் 1, 11. ஸ்னேர் (சுள்ளென்ற டிரம் அடி) 5, 13. 9-இலும் ஒரு கிக் வைக்கக் கை துறுதுறுக்கும். வைத்தால் நடை தட்டையாகிவிடும். ஓபன் ஹேட் (திறந்த சிம்பல் ஒலி) 3, 7, 11, 15. வெலாசிட்டி (அடியின் வலு) 35 அளவில் மெல்லிய ஸ்னேர் 8, 10, 16-இல். 50 என்றால் நேர் நடை என்று காட்டும் மென்பொருளில் ஸ்விங்கை 60-க்கு ஏற்றுங்கள். இரட்டைப்படைக் கட்டங்கள் மட்டும் சுமார் 23 மில்லிசெகண்ட் பிந்தும். எல்லா அடியையும் ஒற்றைப்படையில் வைத்துவிட்டு, ‘ஸ்விங் வேலையே செய்யல’ என்று திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பேஸ் (தாழ்சுருதி வரி), கிக் விழும் கட்டத்தில் தொடங்கக் கூடாது. 3 அல்லது 4 நல்லது. 49 ஹெர்ட்ஸ் பேஸ் போன் ஸ்பீக்கரில் கேட்காது. கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்குவது) கொடுத்தால் 98, 147 என மேல் ஓசைகள் எழும். காது மீதியை ஊகித்துக்கொள்ளும்.

குரல்தான் பெரிய வேலை. 100 பி.பி.எம்.மில் பாடியதை டேப் போல 132-க்கு ஓட்டினால் சுருதி ஏறத்தாழ 5 அரைச்சுரம் ஏறி அணில் குரலாகும். 132-லேயே பாட வையுங்கள். குரலைத் துண்டாக வெட்டிக் கட்டங்களில் மாற்றி அடுக்குவதற்கு நெடில் உள்ள சொல்லே தோது. ‘போகாதே’ மூன்று துண்டாகும்: ‘கா’ 4-இல், ‘போ’ 7-இல், ‘தே’ 10-இல். ‘பட்டு’, ‘சொக்கி’ வேண்டாம். ஒற்றில் ஒரு கணம் மௌனம் இருக்கிறது, அங்கே கத்தி பட்டால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் மிஞ்சி ஸ்னேரோடு மோதும்.

ஜன்னல் பெங்களூரு அல்சூரின் பஜார் தெருவைப் பார்த்திருந்தால் இரவு 11-க்கு மேல் பதியுங்கள். லாரி உறுமலை 100 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை நீக்கும் ஃபில்டர்) வெட்டும். ஆட்டோ ஹாரன் குரலின் எல்லைக்குள்ளேயே வருவதால் எந்த ஃபில்டராலும் போகாது. பாடுபவருக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும்.

டிஜேக்காகத் தொடக்கத்தில் 16 பார் வெறும் டிரம்ஸ் விடுங்கள், 29 வினாடி ஆகும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டே வினாடி எடுத்தாலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ‘கொஞ்சம்தானே’ என்ற கணக்கு அங்கே செல்லாது.