உப்புவெளிப் பக்கம் ஒரு பொங்கல் ஜியோகேஷ் வைப்பது எப்படி

பொங்கல் லீவில் பிள்ளைகளைக் கைத்தொலைபேசியோடேயே வெளியே நடக்க வைக்க ஜியோகேஷை விட நல்ல சாட்டு இல்லை. ஒரு பெட்டியை ஒளித்து, அது இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை ஜியோகேஷிங் தளத்தில் போடுகிறோம். தேடி வருகிறவர் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போகிறார். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நிறுத்தியதும் பிறந்த விளையாட்டு இது. திருகோணமலையில் வைப்பதென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: விறகு பொறுக்க வந்தவரோ ரோந்து போகும் சிப்பாயோ இந்தப் பெட்டியைக் கண்டால் என்ன நினைப்பார்? கீழே சொல்லும் பலதும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கன்னியா வெந்நீரூற்று தொல்லியல் இடம், புறாத்தீவு தேசியப் பூங்கா. மூன்றையும் விட்டுவிடுங்கள். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், வீடுகளும் பனைகளும் உள்ள மணல் ஒழுங்கை ஒன்றைப் பாருங்கள். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், ஐந்து வயதுப் பிள்ளை திரும்பியும் நடக்க வேண்டும். தை மாதம் வடகீழ்ப் பருவக்காற்று முற்றாக அடங்கியிராது, கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஆகவே பெட்டி கரையோரமாக அல்ல, ஒழுங்கைப் பக்கம் இருக்கட்டும். போர் நடந்த மாவட்டம் இது. ஆள் நடந்து தேய்ந்த தடத்திலிருந்து மூன்று மீற்றருக்குள்தான் வைக்க வேண்டும், பற்றைக்குள் இறங்க வைக்கவே கூடாது. காணிக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். பெட்டியின் படத்தோடு ஒரு கடிதம் பொலிஸ் நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லாத பொதி எதையும் யாரும் சும்மா கடந்து போவதில்லை.

பெட்டிக்கு, நான்கு பக்கமும் பூட்டும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி போதும். குழாய், உலோகப் பெட்டி, கறுப்பு ரேப் சுற்றியது எதுவும் வேண்டாம். மூடியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ‘இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை, திறந்து பார்க்கலாம்’ என்று எழுதி, தொடர்பு எண்ணும் போடுங்கள். வாங்கியதும் உள்ளே ஒரு காகிதத்தை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமிழ்த்திப் பாருங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் மாரி மழையை அது தாங்காது.

பொங்கல் சாயலுக்கு மேலே ஒரு மண்பானையைக் கவிழ்த்து மூடலாம். பார்க்க அழகு, வெயிலும் படாது. ஆனால் யாராவது நிமிர்த்தி வைத்துவிட்டால் அது மழைநீர் பிடித்து டெங்கு நுளம்பு வளர்க்கும். அதனால் அடியில் ஒரு துளை கட்டாயம். பானையை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, 8 மில்லிமீற்றர் கொங்கிறீற் அலகால், ட்ரில்லின் ஹமர் முறையை நிறுத்தி, மெதுவாக, அழுத்தாமல் துளையுங்கள். காய்ந்த பானையில் அழுத்தினால் விரிசல் கழுத்துவரை ஓடும். பானையை மண்ணில் புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. பொந்துக்குள் வைக்காதீர்கள், பாம்பும் தேளும் நமக்கு முன்னமே அங்கே குடியிருக்கும். பனையடியில், பிள்ளைக்குக் கைக்கெட்டும் இடத்தில், கையை விடுமுன் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

உள்ளே கற்கண்டு, கரும்பு, சக்கரை எதுவும் போடாதீர்கள். ஜியோகேஷிங் தளத்தின் விதியும் இடம் தராது, எறும்பும் குரங்கும் மறுநாளே வந்துவிடும். பட்டாசும் கூடாது. கோல அச்சு, சிட்டிப் பானை, பாசிமணி, ஸ்ரிக்கர் என்று பதினைந்து சாமான் போதும். ஒன்று எடுக்கிறவர் ஒன்று வைக்க வேண்டும். கொப்பியை ஸிப் பைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஊறும். பென்சில் போதும்.

பண்டிகையின் சுவையைக் கோலத்துக்குள் வைப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. வழியில் இரண்டு வீட்டு வேலிக் கட்டைகளில், வீட்டாரைக் கேட்டு, லமினேற் செய்த கோல அட்டைகளைக் கட்டுங்கள். முதலாவது ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி, 25. இரண்டாவது ஐந்திலிருந்து மூன்று வரை இடைப்புள்ளி: 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. பிள்ளைகள் புள்ளி எண்ணி, அட்டையில் உள்ள சின்னக் கூட்டலையோ கழித்தலையோ செய்தால் பெட்டியின் ஜி.பி.எஸ். எண்களில் வடக்கு, கிழக்கு நிமிடங்களின் (34.266 போல) கடைசி இரண்டு இலக்கங்கள் கிடைக்க வேண்டும். நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 1.85 மீற்றர். அதனால் இரண்டையும் பிழையாக எண்ணினாலும் 260 மீற்றருக்குள்தான் விலகுவார்கள். அந்த விலகல் அவர்களைக் கடலுக்குள் கொண்டுபோகாதா என்று வரைபடத்தில் பாருங்கள், கிழக்கு எண்ணில்தான் அந்த ஆபத்து.

அதிகம் பிழைப்பது இந்த எண்களில்தான். தளம் கேட்பது பாகை, தசம நிமிடம். கைத்தொலைபேசி காட்டுவது பெரும்பாலும் தசமப் பாகை. 8.5711 பாகை என்றால் 8 பாகை 34.266 நிமிடம். அதை 34 நிமிடம் 26.6 விநாடி என்று வாசித்தால் பெட்டி 300 மீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விடும். வெவ்வேறு இரண்டு நாளில், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நின்று எண்களைக் குறித்து, சராசரி எடுங்கள்.

பதிவைப் பொங்கலுக்கு மூன்று கிழமை முந்தியே அனுப்புங்கள், பரிசீலிப்பவர்கள் தொண்டர்கள். வேறொருவரின் பெட்டியிலிருந்து 161 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று வைக்காதீர்கள், குறைந்தது மூன்று மாதம் அங்கே இருக்க வேண்டும் என்பது விதி. சித்திரை வருடப்பிறப்புக்குச் சாமான்களை மாற்றிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள், பெரிய மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க ஊரில் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டே வையுங்கள்.