இட்டேரிப் பெயர்களை டிஜிட்டல் வரைபடத்தில் பதிவது எப்படி?

கூகுள் மேப்பில் ஊர் இருக்கும், பஸ் ஸ்டாப் இருக்கும். கொங்குநாட்டில் வேலிகளுக்கு நடுவே காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையான இட்டேரி, ஊஞ்சமரத்து இட்டேரி போன்றது, இருக்காது. கிளுவைச் செடியாலான உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடப் போட, கொறங்காட்டு (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்து) பெயர்களும் கூடவே போகின்றன. அவற்றை இடத்தோடும் குரலோடும் பதிய ஓர் ஆண்ட்ராய்டு போனும், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கும் போதும்.

முதல் வேலை திண்ணையில். "இந்தக் காட்டுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டால் இன்றைய பட்டாதாரர் பெயர்தான் வரும். "சின்ன வயசுல ஆடு ஓட்டிட்டு எந்த வழியாங்க போவீங்க?" என்று கேளுங்கள். "கல்லாங்காட்டுக்குத் தெக்கால திரும்பி..." என்று அப்பாரு (தாத்தா) வழி சொல்லச் சொல்ல, பெயர்கள் தானாக வரும். தோட்டத்துக்காரர் சொல்வதும் அங்கே பண்ணயத்துக்குப் (பண்ணை வேலைக்குப்) போனவர்கள் சொல்வதும் வேறாக இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல.

பேச்சைச் சுருக்காத ஒலி வடிவமான வாவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஒலியைச் சுருக்கிவிடும். பிற்பாடு உச்சரிப்பை ஆராய அது உதவாது. போன் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். ஆடிக் காற்றில் வெளியே பதிந்தால் காற்றுதான் கேட்கும், வீட்டுக்குள் உட்காருங்கள். சம்மதத்தையும் அவர் குரலிலேயே தொடக்கத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து நடை. ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலியில், நடக்கும் வழியைப் பதியும் தடப்பதிவைப் போட்டு, வெட்டவெளியில் இரண்டு நிமிடம் நின்று, ஜிபிஎஸ் துல்லியம் 5 மீட்டருக்குள் வந்தபின் புறப்படுங்கள். புளியமரத்தடியில் அது 10 மீட்டருக்கு மேலும் பிசகும். இட்டேரியே ஒரு வண்டி போகும் அகலம்தான். கோடு பக்கத்துக் காட்டுக்குள் விழுந்தால் வரப்புத் தகராறு வந்து சேரும். போன வழியே திரும்பி நடந்து இரண்டு தடத்தையும் ஒப்பிடுங்கள். அரசின் நில அளவைப் புல வரைபடமான எஃப்.எம்.பி.யோடும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நல்லது.

அட்டவணையில் பேச்சுப்பெயர், எழுத்துப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, ஒலிக்கோப்பு எண் ஆகியவை வேண்டும். 'கொறங்காடு' என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அட்சரேகை 10 அல்லது 11, தீர்க்கரேகை 76 அல்லது 77 என்று தொடங்கும். மாற்றிப் போட்டால் ஊர் ஆர்க்டிக் கடலில் மிதக்கும்! அட்டவணைக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் எக்செலில் தமிழ் குப்பையாகும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையும் புழங்கும் பெயரும் மட்டும் போகட்டும்; வழக்கொழிந்த பெயருக்கு 'ஓல்ட் நேம்' (old_name) என்ற குறிச்சொல் உண்டு. கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் நகலெடுக்கக் கூடாது, உரிமச் சிக்கல். கதைகளும் குரலும், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் சொந்த வரைபடம் போட உதவும் யூமேப் தளத்தில் தனி அடுக்காக இருக்கட்டும்.

சாலையோர வீரக்கல்லைத் தாராளமாகக் குறிக்கலாம். கொடுமணல் போல ஊரறிந்த அகழாய்வு இடமும் அப்படியே. உழும்போது முதுமக்கள் தாழி தட்டுப்பட்ட காடு மட்டும் வேறு: துல்லியப் புள்ளியைத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பொது வரைபடத்தில் தசமத்தை இரண்டு இலக்கமாகக் குறைத்தால் இடம் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு மங்கிவிடும்; தோண்டித் திருடுகிறவனுக்கு நாமே வழிகாட்டியது போல ஆகாது.