போகித் தீயை வாட்டர்கலரில் வரைய

நெருப்பு வரைய உட்காருகிறவர்கள் தீயிலேயே நேரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். தீக்குப் பத்து நிமிஷம் போதும். மிச்ச உழைப்பெல்லாம் சுற்றியிருக்கும் இருட்டுக்கு.

சென்னையில் பார்த்து வரையத் தோதான நெருப்பு போகி. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் பழைய பாயும் துடைப்பமும் எரியும். மார்கழிப் பனியோடு புகையும் கலந்து நிற்பதால் வெளிச்சம் விளிம்பே இல்லாமல் கரைந்து பரவும். ஈரத்தாளுக்கென்றே அமைந்த காட்சி. செல்போனில் படமெடுத்துக்கொள்வதானால், திரையில் தீயைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் தீ வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் பதியும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) காட்டன், லேசான சொரசொரப்புள்ள கோல்டு பிரஸ், 11×15 அங்குலம். இதைவிட மெல்லியது நனைந்ததும் அலை அலையாக எழும்பி, பள்ளங்களில் நிறம் தேங்கும். இரண்டு மழைக்காலம் அலமாரியில் கிடந்த தாளென்றால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அதன் பசைப்பூச்சு போய்விட்டது, நிறம் திட்டுத்திட்டாக இறங்கும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லெமன் யெல்லோ, கேம்போஜ் (அடர்மஞ்சள்), வெர்மிலியன் (ஆரஞ்சுச் சிவப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர்நீலம்) என ஐந்து நிறம். கறுப்பு ட்யூபுக்கு வேலையில்லை. 6, 12 எண் ரவுண்டு பிரஷ், ஒரு அங்குல ஃபிளாட் பிரஷ்.

பென்சிலில் தீயின் இடத்தை நடுவிலிருந்து சற்றுத் தள்ளிக் குறியுங்கள். சுற்றி மூன்று ஆட்கள், ஒரு சிறுவன் கையில் போகி மேளம். பொறிகளுக்கு மாஸ்கிங் ஃப்ளூயிடை (காய்ந்ததும் ரப்பர் போலாகி, அடியிலுள்ள தாளில் நிறம் ஏறாமல் காக்கும் திரவம்) பழைய டூத்பிரஷில் தொட்டுத் தெளியுங்கள். தீக்கருகே நிறைய, மேலே போகப்போக ஒன்றிரண்டு. அது காய்ந்த பிறகே தாளை நனைக்க வேண்டும். ஆனால் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். நம்மூர் வெக்கையில் இறுகிப் பிடித்து, உரிக்கும்போது தாளையும் பிய்த்துக்கொண்டு வரும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஃபிளாட் பிரஷால் தாள் முழுவதையும் இரண்டு முறை நனையுங்கள். தேங்கிய நீர் வடிந்து, பளபளப்பு மட்டும் மிஞ்சும்போது தொடங்கலாம். தீக்குக் குறித்த இடத்தின் நடுவே எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளைத் தாளை அப்படியே விடுங்கள். தீயின் உச்சப் பிரகாசம் அதுதான், பிறகு எந்த வெள்ளைப் பெயிண்டும் அதற்கு ஈடாகாது. அதைச் சுற்றி லெமன் யெல்லோ, அடுத்து கேம்போஜ், அப்புறம் வெர்மிலியன், கடைசியாக இரண்டு விரல் அகலத்துக்கு பர்ன்ட் சியன்னா.

இந்தக் கடைசி வளையம் ஒரு வேலி. இது இல்லாமல் நீலத்தை வைத்தால் அது மஞ்சளில் ஓடி, தீ பாசி பிடித்த மாதிரி பச்சையாகிவிடும். பலருடைய படம் கெடுவது இங்கேதான். வேலிக்கு வெளியே மட்டும் அல்ட்ராமரைனைத் தடவுங்கள்.

பளபளப்பு போனதும் விசிறியைப் போடலாம். சென்னை ஈரக்காற்றில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். புறங்கையால் தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம்தான். அவசரப்பட்டு அதன்மேல் தண்ணீர் நிறைந்த பிரஷை வைத்தால் காலிஃபிளவர் போல ஒரு கறை விரியும்.

காய்ந்த தாளில் இருட்டு. அல்ட்ராமரைன் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, மோர்க்குழம்புப் பதத்தில். காய்ந்தால் ஒரு படி வெளுக்கும் என்பதால், 'ஐயோ, ரொம்பக் கறுப்பாச்சே' என்று தோன்றும் அளவுக்கே வையுங்கள். ஓரங்களிலிருந்து தொடங்கி வேலியை நெருங்கும்போது வெறும் ஈரப் பிரஷால் விளிம்பைக் கரையுங்கள். அது அரை ஈரமாக இருக்கையில், கசக்கிய டிஷ்யூவால் ஒற்றியெடுத்தால் புகை. தீக்கு நேர்மேலே புகையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் ஆரஞ்சு வேண்டும்.

ஆட்களை இதே கலவையால் நிழலுருவாக நிரப்புங்கள், தீயைப் பார்த்த ஓரத்தில் மட்டும் நூலளவு இடம் விட்டு. அடியிலிருக்கும் ஆரஞ்சு அந்த இடைவெளியில் தெரிந்தால் கன்னத்தில் வெளிச்சம் பட்டாற்போல இருக்கும். மேளத்தின் தோலையும் அப்படியே விடுங்கள். வாசல் தெளித்த ஈரம் இருந்தால் தீக்கு நேர்கீழே நெட்டுவாக்கில் இரண்டு வெர்மிலியன் கோடு.

எல்லாம் காய்ந்ததும் மாஸ்கிங் ஃப்ளூயிடை விரலால் தேய்த்து உரித்து, பொறிகளில் தீக்கருகே இருப்பவற்றுக்கு மஞ்சள், தள்ளியிருப்பவற்றுக்கு வெர்மிலியன் ஒரு புள்ளி வையுங்கள்.