சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு: 'ஆஃப்', 'அப்', 'அவுட்' பழகும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, மலாய் படிப்பதா ஆங்கிலம் படிப்பதா என்பதுதான். சந்தைக்கும் அரசு அலுவலகத்துக்கும் மலாய். அதில் சந்தேகமே வேண்டாம். மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது என்பதால் பேச்சு சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். கோயில், சாப்பாட்டுக் கடை, முடிவெட்டும் கடை எல்லாம் தமிழிலேயே நடந்துவிடும். ஆனால் தோட்ட மேலாளரின் பேச்சு, தனியார் கிளினிக் டாக்டர் கேட்கும் கேள்வி, வேலை ஒப்பந்தம், கைப்பேசியில் வரும் உத்தரவு என்று நல்ல பங்கு ஆங்கிலத்தில் வரும். அதில் பெரிய சொல் வந்தால் பயமில்லை, யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். 'கெட்', 'டேக்', 'புட்', 'கட்', 'லுக்' மாதிரிச் சின்னச் சொற்கள்தான் தெரிந்த மாதிரி இருந்து காலை வாரும்.

முதலில் ஊர் ஆங்கிலம். பக்கத்து வீட்டு அண்ணன் 'ஐ செண்ட் யூ' என்றால் மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பொருள். 'ஐ ஃபெட்ச் யூ' என்றால் வந்து கூட்டிக்கொள்கிறேன். 'யூ வாண்ட் டு ஃபாலோ?' என்று கேட்டால், கூட வருகிறீர்களா என்கிறார். 'ஆன் த ஃபேன்', 'ஆஃப் த லைட்' என்று 'ஆன்', 'ஆஃப்' இரண்டையுமே வினைச்சொல்லாக்கிப் பேசுவார்கள். லாரிக்குப் பின்னால் நிற்பவர் 'கோஸ்தான், கோஸ்தான்' என்று கத்தினால் வண்டி பின்னால் வருகிறது, விலகுங்கள். கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டர்ன்' கரைக்கு வந்து இப்படி ஆகிவிட்டது. நடந்து முடிந்ததைச் சொல்ல வினைச்சொல்லை மாற்றவே மாட்டார்கள், 'ஈட் ஆல்ரெடி' என்றால் போதும். இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். கடைவீதியில் நீங்களும் அப்படியே பேசுங்கள். காகிதத்தில் எழுதும்போது மட்டும் 'ஏட்', 'வெண்ட்', 'டுக்' என்று இறந்தகால வடிவத்தைச் சரியாகப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று இருக்கிறது. தமிழில் சட்டையும் போடுவோம், விளக்கும் போடுவோம், டீயும் போடுவோம், கையெழுத்தும் போடுவோம். அந்தக் கணக்கில் எல்லாவற்றுக்கும் 'புட்' சொன்னால் எதிரில் நிற்பவர் விழிப்பார். சட்டைக்கும் பூட்சுக்கும் 'புட் ஆன்', விளக்குக்கு 'டர்ன் ஆன்' அல்லது 'சுவிட்ச் ஆன்', டீக்கு 'மேக்', கையெழுத்துக்கு 'சைன்'. போட்டதைக் கழற்றுவது 'டேக் ஆஃப்'. 'புட் ஆஃப்' என்றால் வேறு சங்கதி, தள்ளிப்போடுவது.

வினைச்சொல்லோடு இப்படி ஒரு துண்டுச் சொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள் தருவது ஆங்கிலத்தின் குணம். வேற்று நாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் இதில்தான் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆகவே நமக்கு மூளை மந்தம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழிலும் 'கைவிட்டான்' என்றால் கையை எங்கேயோ விட்டான் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லையே. இலக்கணத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'டர்ன் ஆஃப் த பம்ப்', 'டர்ன் த பம்ப் ஆஃப்' இரண்டும் சரி. பம்பை 'இட்' ஆக்கிவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்' போன்ற சில பிரியவே பிரியாது.

தோட்டத்தில் வேலை என்றால் பேசுவதற்கு முன் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகுங்கள். என் கணக்கில் முதல் பாடம் 'லுக் அவுட்'. வெளியே பார் என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால் ஆபத்து. செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி மட்டையையும் குலையையும் அறுக்கிறார்கள். ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும், மட்டையில் முள் வேறு. 'லுக் அவுட்', 'வாட்ச் அவுட்' இரண்டுக்கும் ஆபத்து, உஷார் என்றுதான் பொருள். 'ஸ்டாண்ட் பேக்', 'கெட் பேக்' என்றால் பின்னால் தள்ளி நில்லுங்கள். 'ஹோல்ட் ஆன்' என்றால் பொறு, அல்லது கெட்டியாகப் பிடித்துக்கொள். லாரியின் பின்பக்கம் ஏறி நிற்கும்போது இரண்டாவது பொருள், மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் முதல் பொருள். 'கெட் டவுன்' என்று நம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்வோம். அதற்குப் பொதுவான வழக்கு 'கெட் ஆஃப்'. ஆபத்து நேரத்தில் ஒருவர் 'கெட் டவுன்' என்று கத்தினால் குனிந்துவிடுங்கள். இவற்றையெல்லாம் கூடவேலை செய்பவரிடம் ஒருமுறை கத்திக் காட்டச் சொல்லுங்கள். சாதாரணக் குரலில் கேட்ட சொல்லே கத்தும்போது வேறு மாதிரி காதில் விழும்.

காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், இரண்டு சொற்கள் உங்கள் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டவை. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட முடியாது. அன்றைக்கு 'கால்டு ஆஃப்' என்றால் வேலை ரத்து. 'புட் ஆஃப் டில் டுமாரோ' என்றால் நாளைக்குத் தள்ளியிருக்கிறார்கள், நாளை வந்தாக வேண்டும். 'மேக் அப் ஃபார் இட் ஆன் சண்டே' என்றால் விட்டுப்போன நாளை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டச் சொல்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் எப்படி என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். உத்தரவு எதுவானாலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: 'சோ, டுமாரோ ஐ கம்?' இலக்கணம் சரியில்லைதான், ஆனால் ஒரு நாள் கூலி தப்பிக்கும்.

கிளினிக்கில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் கல்லூரி படித்து முடித்தவர் 'பாஸ்டு அவுட்' என்பார். இங்கே நர்ஸிடம் 'ஐ பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தீர்கள் என்று எழுதிக்கொள்வார். படிப்பைச் சொல்ல 'கிராஜுவேட்டட்' அல்லது 'ஃபினிஷ்டு'. வாந்தி எடுப்பது 'த்ரோ அப்'. அதைத் தூக்கி எறிவது என்று புரிந்துகொண்டு, 'டிட் யூ த்ரோ அப்?' என்ற கேள்விக்கு 'நோ' சொல்லிவிடாதீர்கள். பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு பதில் மிக முக்கியம். காய்ச்சல் திரும்பி வந்தால் 'கேம் பேக்', வீக்கம் வடிந்தால் 'வெண்ட் டவுன்', உடம்பில் தடிப்பு கிளம்பினால் 'கேம் அவுட்' அல்லது 'ப்ரோக் அவுட்'.

அடிபட்டுப் போயிருந்தால் எப்படி விழுந்தீர்கள் என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் விழுந்தால் 'ஃபெல் டவுன்', ஏணியிலிருந்தோ லாரியிலிருந்தோ விழுந்தால் 'ஃபெல் ஆஃப்', வண்டி மோதித் தள்ளினால் 'நாக்டு டவுன்', மேலே ஏறிவிட்டால் 'ரேன் ஓவர்'. 2019 ஜனவரி 1 முதல் முறைப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் வருகிறார்கள். வேலையில் நடந்த விபத்து என்று எழுத்தில் இருந்தால் அங்கே கேட்பது சுலபம். ஆகவே 'அட் வொர்க்' என்ற இரண்டு சொல்லை விடாமல் சேருங்கள்.

காகித விஷயத்தில் 'ஃபில் இன்' என்றால் நிரப்புவது, 'ஹேண்ட் இன்' என்றால் கொண்டுபோய்க் கொடுப்பது. 'ஹேண்ட் ஓவர்' என்று காதில் விழுந்தால் கொஞ்சம் நிதானியுங்கள், அது ஒப்படைப்பது. கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) ஒப்படைக்கச் சொல்லி யாராவது கேட்டால், பெர்மிட் வேலைக்காகச் சில நாளா, இல்லை நிரந்தரமாகவா என்று கேளுங்கள். உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவர் கடப்பிதழைத் தன்வசம் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 'கேன் ஐ ஹோல்ட் ஆன் டு இட்? ஐ கிவ் யூ அ காப்பி' என்று மரியாதையாகச் சொல்லலாம். முன்னே பார்த்த 'ஹோல்ட் ஆன்' உடன் ஒரு 'டு' சேர்ந்ததும் 'நானே வைத்துக்கொள்ளட்டுமா' என்று ஆகிவிட்டது, கவனித்தீர்களா? சம்பளச் சீட்டில் பிடித்தம் புரியாவிட்டால் 'வாட் இஸ் திஸ் டிடக்‌ஷன் ஃபார்?' போதும்.

படிக்கிற முறை பற்றி ஒன்றே ஒன்று. கடையில் விற்கும் நூற்றுக்கணக்கான சொற்றொடர்ப் பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'கெட்' என்பதற்குக் கீழே நாற்பது வரி இருக்கும், நாலு நாளில் எல்லாம் குழம்பிவிடும். அதற்குப் பதில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, அன்று காதில் விழுந்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள், தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி. யார் சொன்னார், அதைக் கேட்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரவில் அண்டை வீட்டில் இடைநிலைப்பள்ளி படிக்கும் பிள்ளை ஒன்றிடம் காட்டினால் சொல்லித் தருவார்கள். 'பசியாறியாச்சா?' என்று கேட்டுக்கொண்டு பேச உட்காரும் ஊர் இது, உதவி கேட்டால் தட்ட மாட்டார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளை 'டீச்சர் ஆஸ்க் மீ டு பாஸ் அப் டுமாரோ' என்றால் வீட்டுப்பாடத்தை நாளை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அகராதியில் 'பாஸ் அப்' என்பதற்கு வாய்ப்பை நழுவவிடுவது என்று போட்டிருக்கும். நோட்டில் இரண்டையும் எழுதி, எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.