நெல்லைச் சீமையில் ஒரு ரோல்பிளே: பாலினத்தை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ரோல்பிளே எழுத்தில் கதை யார் கையிலும் முழுதாக இருப்பதில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் ஒரு பத்தி எழுத, அடுத்தவர் தன் பாத்திரத்தின் வாயால் பதில் எழுத, ஓர் ஊரே மெல்ல உருவாகிறது. எங்கள் குழுவின் ஊர் முக்கூடல் பக்கத்தில் தாமிரபரணியை ஒட்டிய கற்பனைக் கிராமம். புதிதாகச் சேருபவர்கள் அங்கே கொண்டுவரும் முதல் பெண் பெரும்பாலும் ஒரே அச்சு. ஆற்றங்கரையில் நிற்பாள், கூந்தல் ஈரமாக இருக்கும், இடுப்பில் குடம் இருக்கும். வேறு வேலை எதுவும் அவளுக்கு இருக்காது.

உண்மையான முக்கூடல் பக்கத்தில் பெண்கள் மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்காகக் கடையில் நின்று வாதாட வேண்டும். அப்படி வாதாடும் ஒருத்தியை எழுதுங்கள். அவளுக்குக் குரல், கணக்கு, கோபம், பகை எல்லாம் தானாக வந்துசேரும். அவள் அழகாக இருக்கிறாளா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்தமடையில் பாய் நெய்பவளுக்கும் மாஞ்சோலையில் தேயிலை பறித்தவளுக்கும் இதுவே பொருந்தும்.

எழுதுபவரின் விருப்பம் பாத்திரத்துக்குள் கசிவது இயல்புதான். ஆண்கள் மட்டும் இதில் சிக்குவதில்லை. பெண்கள் எழுதும் ஆண் பல நேரம் சொல்லாமலே புரிந்துகொள்கிறான், நன்றாகச் சமைக்கிறான், கோபமே படுவதில்லை. அவனை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவனோடு சண்டை போட வழியில்லை, சண்டைக்கு இடமில்லாத ஆட்டம் மூன்று பத்தியில் படுத்துவிடும். ஆண்கள் எழுதும் ஆணோ அரிவாளோடு வந்து இறங்குகிறான். நெல்லை என்றாலே அரிவாள் என்பது சினிமா நம் தலையில் கட்டியது. மீசை முளைக்கும் முன்பே சென்னைப் பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போய், தங்கை நகைக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, முதலாளியை 'அண்ணாச்சி' என்று அழைத்தே நடுவயதைத் தொட்டவர்கள் இந்த மண்ணில் எத்தனை பேர்! ஆண்பிள்ளை என்ற பொறுப்பு அவர்கள் தோளில் எப்படி அழுத்துகிறது என்பதை எழுதிப் பார்ப்பவர் அரிது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டு 1974இல் வெளிவந்தது. 1978இல் வந்த அதன் விதிநூலில், மனிதப் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு அச்சிலேயே இருந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பில் அதை நீக்கினார்கள். நம் ஆட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை, ஆனால் விகுதியில் நாமே ஒன்றைப் போட்டுக்கொள்கிறோம். நாற்பது வயது ஆண் 'வந்தார்', நாற்பது வயதுப் பெண் 'வந்தாள்'. தலையாரி 'சொன்னார்', தலைமையாசிரியை 'சொன்னாள்'. பதிவிடும் முன் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள், யாருக்கு மரியாதை போயிற்று என்று தெரிந்துவிடும்.

ஆணா பெண்ணா என்று வெளிக்காட்ட விரும்பாத பாத்திரத்துக்குத் தமிழில் நல்ல வசதி உண்டு. தன்மையில் 'வந்தேன்' எதையும் காட்டிக்கொடுக்காது, படர்க்கையில் 'அவர்' கைகொடுக்கும். ஆனால் நெல்லைத் தெருவில் யாரும் அப்படி விட்டுவைக்க மாட்டார்கள். ஆணென்றால் 'ஏலே' என்றோ, பெண்ணென்றால் 'ஏட்டி' என்றோ கூப்பிட்டாக வேண்டும். வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டு கழித்துத் திரும்பும் திருநங்கையை அவள் அம்மை வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதில் மட்டும் ஒரு மாத ஆட்டம் இருக்கிறது.

திருநங்கைப் பாத்திரம் என்றதும் ஆசி வழங்குபவள், சிரிப்பு மூட்டுபவள், சாகப்போகிறவள் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடுகிறார்கள் பலர். திருநம்பி, அதாவது பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர், என்றொரு பாத்திரத்தை அநேகமாக யாரும் யோசிப்பதே இல்லை. இன்னொரு குழப்பம் இந்த ஊருக்கே உரியது. சுடலைமாடன் கோவில் திருவிழாவான கொடையில் கணியான் கூத்து நடக்கும். தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, மகுடம் என்ற பறை முழங்க, சேலை கட்டி, சலங்கை கட்டி ஆடுபவர்கள் ஆண்கள். அந்த ஆட்டக்காரரைக் கதைக்குள் கொண்டுவந்த கையோடு அவருக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று முடிவுகட்டி எழுதுகிறார்கள். உடுத்தும் வேடம், தன்னை ஆண் பெண் என்று உணர்வது, யார்மேல் மனம் போகிறது என்பது மூன்றும் வெவ்வேறு. கூத்துக்காரர் விடிந்ததும் வேட்டி கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருபவராக இருக்கலாம், அவரே திருநங்கையாகவும் இருக்கலாம். எது என்று அந்தப் பாத்திரத்தை எழுதுபவர் தீர்மானிக்கட்டும், சேலை தீர்மானிக்க வேண்டாம்.

தன்பால் ஈர்ப்புள்ள பாத்திரங்களில்தான் பெரிய பிழை. எதிரியாக ஒரு கொடூர அப்பாவை நிறுத்தி, ரகசியம் வெளிப்பட்டு, கடைசியில் ஆற்றில் குதிக்கவைத்து முடிக்கிறார்கள். இந்த ஊரில் நெருக்குதல் பெரும்பாலும் அன்பின் உருவத்தில்தான் வரும். ஒரு பெண்ணுக்குப் பெண்மேல் மனம் போகிறது என்று வையுங்கள். அவளுக்குச் சிறுவயதிலேயே அத்தை மகன் என்று பேசிவைத்திருப்பார்கள். அத்தானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாவம், நல்லவன். அவனை மறுத்தால் சடங்குக்குச் சீர் கொண்டுவந்த அத்தையை மறுத்ததாகும், அப்பாவுக்கும் அவர் உடன்பிறந்தாளுக்கும் இடையே பேச்சு நிற்கும், அண்ணனின் கல்யாணமும் தடுமாறும். அவள் காதலிப்பது யாரை என்பதோடு அந்த வீட்டுச் சாதி என்ன என்பதும் சேரும், நெல்லையில் அதை விட்டுவிட்டு எழுதும் காதல் எதுவும் நம்பும்படி இருக்காது. கெட்டவர் ஒருவரும் இல்லாத இந்த முடிச்சில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விளையாட இடமுண்டு. கொடூர அப்பாவோடு அது முடியாது.

காலத்தையும் கவனியுங்கள். தூத்துக்குடி நெல்லை மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1986இல், அதற்கு முந்தைய கதையில் அதுவும் நெல்லை மாவட்டம்தான். அந்தக் காலத்துக் கதையில் யாரும் 'திருநங்கை' என்றும் சொல்ல மாட்டார்கள், அந்தச் சொல் பின்னால் வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில், தன்பால் ஈர்ப்புள்ளோர் உட்பட, சம்மதத்தோடு கூடும் வயது வந்தோரைக் குற்றவாளியாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பர் 6 அன்று. 2022இல் நடக்கும் கதையில் ஒரு காவலர் அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டினால், அவர் பொய் சொல்கிறார் என்று எழுதுபவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆணும் திருநங்கையும் தூத்துக்குடியில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் தீர்ப்பளித்தது. அதை அறிந்த ஒரு பாத்திரம் பதிவு அலுவலகத்தில் வேறு மாதிரிப் பேசும்.

இனி ஆட்டக்காரர்கள். 'நீங்கள் நிஜமாகவே பெண்ணா?' என்று தனிச்செய்தியில் கேட்பது இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பழைய கெட்ட பழக்கம். லாம்டாமூ என்ற எழுத்துவழி உலகத்தை நடத்திய பாவெல் கர்ட்டிஸ், பெண் பாத்திரமாக வருபவர்களுக்குத் தொல்லையும் வேண்டாத கவனிப்பும் கூடுதல் என்று 1992இலேயே பதிவு செய்திருக்கிறார். பாத்திரம் யாரைக் காதலிக்கிறது என்பதை வைத்து எழுதுபவரின் விருப்பத்தை ஊகிப்பதும் இதே ரகம். கூத்தில் ஆடுபவரை வீட்டுக்கு வந்து விசாரிக்கிறோமா?

காதல் காட்சிக்கு முன் எதிரில் எழுதுபவரிடம் கேளுங்கள். எது ஆட்டத்துக்குள் வரவே கூடாது, எது நடக்கலாம் ஆனால் விவரிக்காமல் திரை விழவேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசிவிடும் முறை ரோல்பிளே ஆடுவோரிடம் நெடுநாளாக உண்டு. குழுவில் 18 வயதுக்குக் கீழ் ஒருவர் இருந்தாலும் பாலுறவுக் காட்சி கிடையாது, திரை போட்டும் கிடையாது. வயதைச் சொல்லத் தயங்குபவர் இருந்தாலும் அப்படித்தான்.