கொடிக்கயிற்றில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டதா? ஒன்றரை மாதம் சமாளிக்கும் வழி

துணி காயப்போடும் கொடியிலோ, அழைப்புமணி ஒயரிலோ, வாசலில் மாட்டிய பூந்தொட்டியின் கம்பியிலோ ஒட்டடையும் சருகுமாக ஏதோ ஒரு குப்பை தொங்குகிறதா? துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நின்று ஐந்து நிமிஷம் பாருங்கள். நான் பார்க்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற அவசரத்தில் ஒட்டடைக்குச்சியால் ஒரே இழுப்பு இழுத்துவிட்டேன். கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளும்போதுதான் உள்ளே எருக்கம்பஞ்சு மெத்தையும் உடைந்த இரண்டு முட்டைகளும் கண்ணில் பட்டன. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அதனால் முதல் வேலை, தொங்குவது கூடா குப்பையா என்று தெரிந்துகொள்வது. தொங்கும் கூடு என்றதும் நமக்குத் தூக்கணாங்குருவிதான் ஞாபகம் வரும், ஆனால் அது வயல் கிணற்றோரம் புல்லைக் கிழித்து நேர்த்தியாகப் பின்னுகிற பறவை, உங்கள் வராந்தாவுக்கு வருவது பெரும்பாலும் தேன்சிட்டு. இது பின்னாது, ஒட்டும். சிலந்தி வலைதான் பசை. நார், காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்பூச்சியின் எச்சம், காகிதத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் வலை நூலால் ஒட்டிப் பேரிக்காய் வடிவத்தில் தொங்கவிடும். வெளியே வேண்டுமென்றே அலங்கோலமாக வைத்திருப்பதால் காற்றில் மாட்டிய குப்பை போலவே தெரியும். பக்கவாட்டில், பாதிக்கு மேலே, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை இருக்கிறதா, அதற்கு மேல் தாழ்வாரம் மாதிரி ஒரு சின்ன நீட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வீடுதான். வாசலுக்குச் சன்ஷேடு வைத்துக் கட்டுகிற பறவை!

யார் வீடு என்பதையும் பார்த்துவிடலாம். நம் ஊர்த் தோட்டங்களில் அதிகம் தென்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. அலகோடு சேர்த்து அளந்தாலும் பத்து சென்டிமீட்டர் தாண்டாது. ஆணுக்கு அரக்கு நிற முதுகு, மஞ்சள் வயிறு, வெயில் பட்டால் மின்னுகிற பச்சை உச்சந்தலை. பெண்ணுக்கு மின்னல் எதுவும் கிடையாது, வெளுத்த தொண்டையும் மஞ்சள் மார்பும்தான். உடம்பு முழுக்கக் கருநீலமாகப் பளபளத்தால் அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தப் பளபளப்பு உதிர்ந்து, பெண்ணைப் போல மங்கி, தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும், அப்போது பார்த்துவிட்டு வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள். அலகு மற்ற இரண்டையும்விட நீளமாக, நன்றாக வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. 1750களில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயர் அது. சிலந்திகள் கூட்டமாக வாழும் அடர்ந்த வலைக்குள்ளேயே இது சில சமயம் கூடு அமைக்கும், பசை தேடி அலையவே வேண்டாம் பாருங்கள். மூன்றுமே ஒரே குடும்பம், கவனிப்பும் ஒன்றுதான்.

அப்புறம் நாள்கணக்கு. ஒரு காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர்களைச் சமாளிக்க இதுதான் உதவும். "எத்தனை நாளைக்குத்தான் கொடியைத் தொடாமல் இருப்பது?" என்று கேட்டால் பதில் வேண்டுமே. கூடு கட்டுவது பெரும்பாலும் பெண்தான், ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும் (இதைப் பற்றி எங்கள் வீட்டில் வந்த விமர்சனங்களை இங்கே எழுத முடியாது). வாயில் வெள்ளைப் பஞ்சோடு வந்தால் உள் மெத்தை போடுகிறது, வேலை முடியப் போகிறது என்று அர்த்தம். அப்புறம் ஓட்டையிலிருந்து அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வெகுநேரம் தெரிந்தால் முட்டை வந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டு. குஞ்சு பொரிக்க இரண்டு வாரம், ஒன்றிரண்டு நாள் கூடக்குறைய. பிறகு ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பூச்சியோடும் சிலந்தியோடும் வரத் தொடங்கும். பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சுக்கு வளர்ச்சிக்கு வேண்டியது பூச்சி. இன்னும் இரண்டரை வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். பஞ்சு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள், போதும்.

அந்த ஒன்றரை மாதத்தில் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் விட வேண்டியதுதான் அதிகம். கொடியை அவிழ்க்காதீர்கள், அதில் துணி போடாதீர்கள், துணிக்கு வேறு இடத்தில் நைலான் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நடமாட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. மனிதர்கள் போய்வருகிற இடத்தில் காக்கை நெருங்காது என்பதாலோ என்னவோ, அது ஆள் நடமாடும் வராந்தாவைத் தேடித்தான் வருகிறது. நின்று உற்றுப் பார்ப்பதுதான் அதற்குப் பிடிக்காது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்காருங்கள், ஃபோட்டோ எடுத்தால் ஃபிளாஷ் வேண்டாம், செல்ஃபி ஸ்டிக்கை ஓட்டைக்குள் விடவே வேண்டாம். பக்கத்தில் மின்விசிறி இருந்தால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள். காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டாம், கூட்டுக்கு எதிர்ப்பக்கம் மாற்றிவிடுங்கள். கூட்டுக்குக் கீழே ஸ்டூல், பழைய சைக்கிள், தண்ணீர் டிரம் என்று எதுவும் இருக்கக்கூடாது, பூனைக்கு அது படிக்கட்டு. எறும்பு வந்தால் சாக்பீஸும் ஸ்ப்ரேயும் வேண்டாம், அது எந்தக் கிளை வழியாக ஏறுகிறது என்று பார்த்து அந்தக் கிளையை மட்டும் வெட்டுங்கள். கீழே அசிங்கம் ஆகுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: குஞ்சின் எச்சத்தைத் தாய் தந்தையே அலகில் கவ்வி எடுத்துப்போய் வெளியே போட்டுவிடும், என் தரை அந்த ஒன்றரை மாதமும் சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டார், வீட்டுக்காரர் பிய்க்கச் சொல்கிறார் என்றால் சட்டத்தையும் சொல்லிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாடுதல் என்ற விளக்கத்துக்குள்ளேயே வருகிறது. ஆனால் என் அனுபவத்தில் சட்டத்தைவிட "குஞ்சு இருக்குண்ணே, இருபது நாள் பொறுங்க" என்பது நன்றாக வேலை செய்கிறது.

சரி, கூடு விழுந்துவிட்டால்? காற்று மழையில் இது நடக்கும், பதறாதீர்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள், அது உண்மையில்லை. முதலில் குஞ்சைப் பாருங்கள். சிறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது, பூனை எட்டாத ஒரு செடியில் ஏற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ரோமம் இல்லாமல் சிவப்பாக இருந்தால் உள்ளங்கையில் மூடி முதலில் சூடு கொடுங்கள். கூடு முழுதாக இருந்தால் பழைய இடத்திலேயே, அதே உயரத்தில், ஓட்டை முன்பு பார்த்த திசையையே பார்க்கிற மாதிரி சணல் கயிற்றால் கட்டுங்கள். கிழிந்துபோயிருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அடியில் இரண்டு மூன்று துளை போட்டு, கிழிந்த கூட்டின் நாரையும் பஞ்சையுமே உள்ளே பரப்பி, குஞ்சை வைத்து அங்கேயே தொங்கவிடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், அதன் இழை நகத்தில் சுற்றிக்கொள்ளும். பிறகு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை இப்படித் தொங்கவிட்ட கொட்டாங்குச்சியைச் சுற்றி முக்கால் மணிநேரம் கத்திவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஊட்ட ஆரம்பித்தது தாய். எவ்வளவு பாவமாக இருந்தாலும் பால், சோறு, சர்க்கரைத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். பொழுது சாய்கிற வரைக்கும் பெரியவை வரவில்லையென்றால் வனத்துறைக்கோ உங்கள் ஊரில் பறவை மீட்பு செய்கிறவர்களுக்கோ சொல்லுங்கள்.

இன்னொரு தொல்லை உண்டு. கூடு இருக்கிற காலத்தில் ஆண் உங்கள் பைக் கண்ணாடியைக் கொத்து கொத்தென்று கொத்தும். அதில் தெரிகிற தன் உருவத்தை எதிரி என்று நினைத்துத்தான் இவ்வளவு கோபம். பழைய சாக்ஸை கண்ணாடியில் மாட்டிவிட்டால் எதிரி போய்விடுவான்.

அடுத்த வருஷமும் வர வேண்டும் என்று ஆசை இருந்தால் செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, முருங்கை, அகத்தி இவற்றில் ஏதோ ஒன்றையாவது வையுங்கள், வாழை இருந்தால் ரொம்ப நல்லது. செம்பருத்தியின் அடியில் ஊசி குத்திய மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடித்துவிடாதீர்கள், பூவின் வாய்வழியாக எட்டாத தேனை இது அடியில் துளைத்துக் குடித்திருக்கும். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடுவதை நான் செய்வதில்லை, நம் வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடுகிறது. அதைவிட வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும் ஒட்டடை அடிக்காமல் விட்டுவிடுங்கள். பசை வேண்டுமே.

குஞ்சுகள் போனதும் கொடியில் துணி போடலாம், கூட்டை மட்டும் விட்டுவையுங்கள். சில சமயம் அதிலேயே திரும்ப முட்டையிடும். எங்கள் வீட்டில் இந்த மாசி மாதம் பழைய கூட்டிலிருந்து பஞ்சை இழுத்துக்கொண்டு போய் அழைப்புமணி ஒயரில் புதிதாக ஆரம்பித்துவிட்டது. இப்போதைக்கு வருகிறவர்கள் கதவைத்தான் தட்ட வேண்டும்.